ஏழு ஃபெம்டோ நொடி

செப்டம்பர் 5

தேர்வாளர் அறிக்கை வந்துவிட்டது. ஆசிரியர் தினமும் அதுவுமாக. மூன்று பேரில் இரண்டு பேர் பட்டம் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரே வரி எழுதியிருக்கிறார்: "முடிவு வியப்பளிக்கிறது, புதிய படிகம் ஒன்றில் மறுபடி அளந்து காட்டவும்." வியந்தால் வியந்துகொண்டு போகவேண்டியதுதானே!

ஏழு வருஷம் முடிந்து எட்டாவது ஓடுகிறது. டிசம்பர் கடைசியோடு எனக்குக் கொடுத்த நீட்டிப்பும் முடிகிறது, என் வழிகாட்டி தாணுமாலயன் சாரின் வேலையும் முடிகிறது. அவர் ஓய்வு பெற்றதும் எங்கள் ஆய்வுக்கூடத்து எந்திரத்தை நிறுத்திவிடப்போகிறார்கள். ஆக, டிசம்பருக்குள் அளந்தால் நான் முனைவர் சங்கரவடிவு. இல்லாவிட்டால் வெறும் சங்கரவடிவு.

சார் அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஒரு வாரத்துச் சோலி மக்களே. அதே ஏழுதான் வரும். அவருக்கு அனுப்பிட்டு டிகிரிய வாங்கிட்டுப் போ."

கூட இருக்கும் தோழி ஜெசிந்தாவும் அதையேதான் சொன்னாள். "ஏட்டி, படிகம் நான் உடைச்சுத் தாரேன். நீ அழாத." நான் அழவே இல்லை. கண்ணில் தூசி.

செப்டம்பர் 9

அம்மா போனில், "அந்த உப்புல என்னத்தத்தான்டி எட்டு வருசமாப் பாக்க?" என்று மறுபடி கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி கேட்டாளாம். இந்தத் தடவை பொறுமையாகச் சொன்னேன்.

ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இரண்டு புரோட்டானும் நடுவில் ஒரே ஒரு எலக்ட்ரானும். அந்த ஒன்றுதான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை வேகமாக ஓடவிட்டு, ஒரு படிகத்தின் மேல் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் விடுவோம். படிகம் என்றால் வைரம் வைடூரியம் இல்லை, பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. குளத்தில் ஓட்டாஞ்சில்லை விசுக்கினால் தண்ணீரை உரசிக்கொண்டு போகுமே, அப்படி மூலக்கூறு உப்பை உரசிக்கொண்டு போகும். மோதாது. உரசும், அவ்வளவுதான். அந்த உரசலிலேயே சிலது இரண்டாகப் பிரிந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் பிரிகிறது என்பதுதான் என் வேலை.

கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் இருபது ஃபெம்டோ நொடி என்கிறார்கள். கண் சிமிட்டும் நேரமெல்லாம் அதற்கு முன்னால் ஒரு யுகம். எங்களுக்கு வந்தது ஏழு. உலகத்தில் யாருக்கும் வராத ஏழு. சார், ஜெசி, நான் மூன்று பேரும் சேர்ந்து கட்டுரை போட்டோம். ஆங்கில அகர வரிசையில் அவள் பெயர் முதலில் வந்தது. அதில் எனக்கு மனஸ்தாபம் ஒன்றும் இல்லை.

"ரெண்டாப் பிரியிறத எதுக்குப் போயி அளக்க?" என்றாள் அம்மா.

செப்டம்பர் 14

ஜெசி படிகம் உடைத்தாள். பிளேடைச் சரியான கோட்டில் வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. உப்புக்கட்டி இரண்டாகி, உள்ளே கண்ணாடி போன்ற பரப்பு. இந்தப் பல்கலைக்கழகத்தில் வேறு யாருக்கும் அந்தத் தட்டு வராது, எனக்கும் வராது. அவள் ஆராய்ச்சி அலுமினியத்தில். மார்ச்சிலேயே பட்டம் வாங்கிவிட்டு, இப்போது சாரின் திட்டத்தில் உதவியாளராக இருக்கிறாள். பின்பக்கத் தெருவில் மாடி வீடு ஒன்றை ஆறு வருஷமாக இரண்டு பேரும் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். ஒரு ஸ்கூட்டி, ஒரு குக்கர், ஒரு சண்டைக்கார வீட்டுக்காரர்.

படிகத்தை எந்திரத்தில் ஏற்றி, காற்றை உறிஞ்ச விட்டு, சூடாக்கத் தொடங்கியாகிவிட்டது. சாயங்காலம் பல்லி ஒன்று உயர் மின்னழுத்தக் கூண்டுக்குள் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. பல்லியும் போயிற்று. பரமசிவன் அண்ணன் அதைக் காகிதத்தில் அள்ளிக்கொண்டே, "இதுக்கும் ஒரு முனைவர் பட்டம் குடுக்கலாம்மா" என்றார். இந்தக் கூடத்தில் முப்பது வருஷ உதவியாளர். யாரைப் பற்றியும் எதுவும் சொல்லலாம் அவர்.

செப்டம்பர் 19

இருபது.

செப்டம்பர் 23

இன்னொரு புதுப் படிகம். இருபது. ஜெசி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "சூடு பத்தலையோ?" என்றாள். அதிகமாகவே சூடாக்கினேன்.

செப்டம்பர் 26

பழைய படிகத்தையே எடுத்து மறுபடி ஏற்றினேன். ஏழு! உரசிவந்த மூலக்கூறுகள் திரையில் போடுகிற புள்ளி அதே மாதிரிக் கொஞ்சம் கலங்கலாக. அந்தக் கலங்கலை எந்திரத்தின் வயசு என்று கட்டுரையில் எழுதியிருந்தோம்.

சார் குதூகலமாகிவிட்டார். "பாத்தியா! புதுசுலதான் கோளாறு. பழசு பொய் சொல்லாது."

சாப்பாடு இறங்கவில்லை. ஜெசி ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூனை மட்டும் தின்றேன். தூத்துக்குடி மக்ரூனுக்கு மட்டும் எந்தத் துக்கத்திலும் வாயில் இடம் இருக்கிறது.

அக்டோபர் 4

ஆயுத பூஜை. வழக்கம்போல கூடத்தைக் கழுவி, எந்திரத்துக்கு மாலை போட்டு, பம்புகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பானர், மல்டிமீட்டர், படிகத் தட்டு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பியாயிற்று. பொரி, கடலை, சுண்டல். சார் வேட்டி கட்டிக்கொண்டு, அவர் கல்யாணத்தில் வந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்போடு வந்தார். வருஷத்துக்கு ஒரு நாள் அவர் முகத்தில் அந்தச் சின்னப் பிள்ளைக் களை வரும். எல்லார் மேலும் தெளித்தார். எந்திரத்தின் மேல் தெளித்தார். மேஜை மேல் தெளித்தார்.

தட்டில் நேற்று ஜெசி உடைத்துவைத்த படிகம் மூடாமல் இருந்தது. அதன்மேல் இரண்டு துளி.

பரமசிவன் அண்ணனிடம், "போன வருசமும் இப்படியா வச்சோம்?" என்று கேட்டேன்.

"பின்னே? அந்தப் புள்ள அன்னைக்குக் காலையிலதான் உடைச்சு வச்சிருந்துது. சாரு அதுக்குன்னு கூட ரெண்டு சொட்டு விட்டாருல்லா!"

நான் டிஷ்யூ தாளால் துளியை ஒற்றினேன். ஜெசி வாய் நிறையச் சுண்டலோடு சிரித்தாள். "ஏட்டி, ஆசீர்வாதத்தைத் துடைக்காத. போன வருசம் நான் துடைச்சேன், இப்பவரைக்கும் கல்யாணம் ஆகல." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்னட்டி, பேயறஞ்ச மாதிரி இருக்க?"

தலைவலி என்றேன்.

அக்டோபர் 7

பன்னீர் பட்ட படிகத்தை ஏற்றி அளந்தேன். ஏழு.

உப்பில் தண்ணீர் விட்டால் கரையும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். போன வருஷத்துப் படிகத்திலும் இதிலும் துளி பட்ட இடத்தில் பரப்பு கரைந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளும் படிகளும் ஆகிவிட்டன. வழுக்கிக்கொண்டு போகவேண்டிய மூலக்கூறு படியில் முட்டிச் சிதறியிருக்கிறது. அதை நாங்கள் "சீக்கிரம் பிரிகிறது" என்று உலகத்துக்கு எழுதியிருக்கிறோம். அட கடவுளே. அட கடவுளே!

ஜெசி கேட்டபோது பம்பு சரியில்லை, இன்றைக்கு அளக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. முதலில் எனக்கு நிச்சயமாகட்டும்.

அக்டோபர் 8

நிச்சயமாகிவிட்டது. திங்கட்கிழமை இரண்டு பேரிடமும் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 10

திங்கட்கிழமை. ஜெசிக்கு ஜெர்மனியிலிருந்து வேலை வந்துவிட்டது. ஜூலையில் இரண்டு பேரும் ஒரே நாளில் விண்ணப்பித்தோம், அதே கட்டுரையைக் காட்டி. அங்கே அவளுக்கு வேலையே ஏழு ஏன் ஏழு என்று கண்டுபிடிப்பதுதானாம். கூடத்துக்குள்ளேயே என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். "உனக்கும் வரும்ட்டி, நாளைக்கே வரும் பாரு!"

இன்றைக்குப் போய் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 12

எனக்கும் வந்தது. வருந்துகிறார்களாம்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். தோசைமாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 19

ஜெசிக்கு இன்னொரு யோகம். தூத்துக்குடியில் அவள் படித்த கல்லூரியிலேயே நிரந்தர வேலை தருகிறார்களாம். கன்னியாஸ்திரிகள் நேரில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய அம்மா சர்க்கரை நோயோடு தனியாக இருக்கிறார். ஜெசிக்கு மனசு ஊசலாடுகிறது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, நீ சொல்லு. எதை எடுக்க? அம்மா பக்கத்துல இருந்துரவா? நீ சொன்னா நான் கேப்பேன்."

ஜெர்மனி இரண்டு வருஷம்தான், அதுவும் முதல் ஆறு மாசம் சோதனைக் காலம். கல்லூரி வேலை சாகிறவரைக்கும்.

"ஜெர்மனிக்குப் போ" என்றேன். "இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வருமா?"

வேறு என்ன சொல்ல முடியும்? அவளுடைய ஆசை அது. ஆசையைக் கெடுக்க நான் யார்?

அக்டோபர் 24

தீபாவளி. ஜெசி வழக்கம்போல என்னோடு அம்பாசமுத்திரம் வந்தாள். அம்மா அவளுக்குத்தான் முதலில் எண்ணெய் தேய்த்தாள். "நீ போயிட்டா இவ ஒத்தையில என்ன செய்வா?" என்று அழுதுவிட்டாள். ஜெசியும் அழுதாள். நான் முறுக்குத் தின்றேன்.

நவம்பர் 3

சார் தினமும் கேட்கிறார். புதுப் படிகம் சரிவரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். இது பொய் இல்லை.

ஜெசி கல்லூரிக்கு வரமுடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 11

மழை. கூடத்தில் ஒழுகுகிறது. எந்திரத்தின் மேல் பாலித்தீன் விரித்தோம். சார் குடையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து, பிரிவு உபசார விழாவில் பேசவேண்டியதை எழுதிக்கொண்டிருந்தார். "நம்ம ஏழு ஃபெம்டோவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன் மக்களே. முப்பத்திரண்டு வருசத்துல இந்தக் கூடத்துக்குக் கிடைச்ச ஒரே பேரு அது" என்று வாசித்துக் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 20

ஜெசி போய்விட்டாள். நெல்லைச் சந்திப்பு ரயில் நிலையத்தில் அவள் அம்மா, தம்பி, நான். நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பச் சில நிமிஷங்கள் இருக்கும்போது என்னை மட்டும் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, ஒரு மாசமா மூஞ்சிய இப்படி வச்சிருக்க. எனக்குக் கிடைச்சு உனக்குக் கிடைக்கலன்னு வருத்தமா? வருத்தம்னா திட்டிரு. என்னமும் சொல்லணும்னா இப்பச் சொல்லிரு, நான் கோவிக்க மாட்டேன்."

"ஒண்ணுமில்லட்டி. பத்திரமாப் போ."

ஸ்கூட்டி சாவியை என் கையில் வைத்து அழுத்தினாள்.

நவம்பர் 22

போய்ச் சேர்ந்துவிட்டாள். படம் அனுப்பியிருக்கிறாள். எங்கள் கூடம் அளவுக்கு அவளுக்கு ஒரு எந்திரம், எல்லாம் பளபளவென்று. கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு அதைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறாள். "நம்ம ஏழு இங்கே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குட்டி!!" என்று ஆச்சரியக்குறியெல்லாம் போட்டிருக்கிறாள்.

அழகான படம். இரண்டு மூன்று தடவை பார்த்தேன்.

நவம்பர் 23

காலையில் சாரிடம் சொல்லிவிட்டேன்.

உண்மையை எத்தனை நாள் மூடிவைப்பது? அறிவியல் என்று ஒன்று இருக்கிறதே. அவள் போகிறவரை சொல்லாமல் இருந்தது அவளுக்காகத்தான். நிம்மதியாகக் கிளம்பட்டும் என்றுதான்.

சார் முதலில் சிரித்தார். வரைபடங்களைக் காட்டினேன். அதன்பிறகு சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"பன்னீரா?" என்றார்.

"ஆமா சார்."

"என் கையாலயா?"

அலமாரியில் அந்தச் செம்பு இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது, நிஜமாகவே.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"இப்பத்தான் சார் உறுதியாச்சு." உறுதி என்பது ஒரே நாளில் வருகிற விஷயமா என்ன?

"ஜெசிந்தாவுக்குச் சொல்லியாச்சா?"

"நீங்க சொன்னா நல்லாருக்கும் சார்."

அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி. கட்டுரையைத் திருப்பி வாங்கிருவோம். மூணு பேரும் சம்மதம் எழுதணும்" என்றார்.

நவம்பர் 24

நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜெசி இழுத்தடிப்பாள் என்று நினைத்தேன். வாழ்க்கை அல்லவா அவளுக்கு அது. சாருடைய மின்னஞ்சல் கிடைத்த ஒரு மணி நேரத்தில் சம்மதம் அனுப்பிவிட்டாள். கூட ஒரு வார்த்தை கிடையாது.

நவம்பர் 25

ஜெசி கூப்பிட்டாள். எடுக்க முடியவில்லை, சிலிண்டர்காரன் வந்திருந்தான். பிறகும் கூப்பிட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 2

அவளிடமிருந்து செய்தி: "பூஜை அன்னைக்கு நீ துடைச்சப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். தலைவலின்ன. அன்னைக்கே உனக்குத் தெரியும். மொட்டை மாடியில நான் கேட்டப்போ உனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல கேட்டப்போ தெரியும். ஏன்ட்டி?"

என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் "நீ நினைக்கிற மாதிரி இல்லை" என்று அனுப்பினேன். அதற்குள் வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாள் போல. ஒற்றை டிக்.

டிசம்பர் 9

ஒற்றை டிக்.

டிசம்பர் 21

ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் அத்தியாயம் முழுக்கப் புதிது: நீர்த்துளி பட்ட பரப்பு மூலக்கூறுப் பிரிவை எப்படி வேகமாகக் காட்டும் என்று. உண்மையைச் சொல்லப்போனால் பழைய அத்தியாயத்தைவிட இதுதான் நன்றாக வந்திருக்கிறது. சார் ஒரு திருத்தமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். முன்பெல்லாம் கமாவுக்குக்கூடச் சண்டை போடுவார்.

டிசம்பர் 30

சாரின் பிரிவு உபசாரம். எழுதிவைத்திருந்ததைப் பேசவில்லை. "எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். துணைவேந்தர் சால்வை போட்டார். பிறகு கூடத்துக்கு வந்து, அவரே பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். இத்தனை வருஷமும் காதில் கேட்டுக்கொண்டே இருந்த அந்த இரைச்சல் நின்றதும் பரமசிவன் அண்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று "சார்" என்றேன்.

"போயிட்டு வா மக்களே" என்றார். நான் எங்கும் போகவில்லை. அவர்தான் போனார்.

பிப்ரவரி 14

ஜெசி ஊருக்கே திரும்பி வந்துவிட்டாளாம். பரமசிவன் அண்ணன்தான் சொன்னார். அங்கே அந்தத் திட்டமே எங்கள் ஏழு என்ற முடிவை நம்பித்தானே போட்டது. சோதனைக் காலத்திலேயே முடித்து அனுப்பிவிட்டார்கள். கல்லூரி வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். இப்போது தூத்துக்குடியில் ஒரு நீட் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறாள்.

"நீ ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்தா என்னம்மா?" என்றார்.

போகலாம். ஸ்கூட்டியில் பிரேக் சரியில்லை.

ஏப்ரல் 2

வீட்டுக்காரர் வாடகைக்கு இன்னொரு ஆள் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். வேண்டாம் என்றேன். இரண்டு பேருக்கு உலை வைத்தே பழகிவிட்டது. தினமும் சோறு மிச்சம்.

மே 11

வாய்மொழித் தேர்வு. நான் இப்போது முனைவர் சங்கரவடிவு.

வாசலில் பரமசிவன் அண்ணன் அந்த வெள்ளிச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். "சாரு குடுத்துவிட்டாரு. முட்டுவலின்னு வரல. வாரவங்களுக்கு எல்லாம் தெளிக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, என் மேல் தெளித்தார். அம்மா தந்த பட்டுப்புடவையில் விழுந்தது. நான் துடைக்கவில்லை.

அந்த மூன்றாவது தேர்வாளரே நேரில் வந்திருந்தார். நல்ல மனுஷர். ஐந்தாம் அத்தியாயத்தைத் தூக்கிக் காட்டி, தன் முடிவைத் தானே பொய் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும், இந்தப் பெண்ணின் நேர்மையை இளைஞர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார். அம்மா முதல் வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். அவள் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து யாருக்கோ இடம் பிடித்திருந்தாள். கடைசிவரை யாரும் வந்து உட்காரவில்லை.

கடைசிக் கேள்வியாகத் தேர்வாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். "மூலக்கூறு எவ்வளவு சீக்கிரம் பிரியுதுன்னு அளந்தீங்க, சரி. பன்னீர்தான் காரணம்னு தெரிஞ்சதும் நீங்க எவ்வளவு சீக்கிரம் சொன்னீங்கம்மா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"உடனே, சார்" என்றேன்.

கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து புடவையைக் கொடியில் போட்டேன். பன்னீர் பட்ட இடம் காய்ந்துவிட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.